கடல் திரும்பி வந்த ஊர்

எங்கள் கம்மாபுரத்துக்குக் கிழக்கே நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரி, டைனோசர்கள் அழிந்து வெகுகாலத்துக்குப் பிறகு உருவானது. அதற்கு முந்தைய உலகத்தைப் பார்க்க விருத்தாசலத்தில் ரயிலேறினேன். பெண்ணாடம், செந்துறை, அரியலூர் என்று போகப் போக நிலத்தின் வயது கூடுகிறது. பாறை அடுக்குகள் கிழக்கே சாய்ந்திருப்பதால் பழையவை மேற்கில் தலைகாட்டுகின்றன.

செந்துறைப் பக்கத்துக் கல்லமேட்டில் இருப்பது கடல் விலகிய பிறகு ஆறுகள் கொண்டுவந்த மணலும் களியும். டைனோசர் எலும்புகள் கிடைத்தது இந்த அடுக்கில்தான். இதற்கு மேலே நின்னியூர் சுண்ணாம்புக்கல். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், மெக்சிகோவின் சிக்சுலுப் பகுதியில் விண்கல் மோதியது. தக்காணத்திலோ எரிமலைக் குழம்பு பெருகிக்கொண்டிருந்தது. உயிரின வகைகளில் முக்கால் பங்கு அழிந்தது.

ஓடைக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா, "இங்கல்லாம் கடலா இருந்துச்சாம் தம்பி, பேரன் சொல்றான்" என்றார். பேரன் சொன்னது சரி. அந்தக் கடலில் அம்மோனைட்டுகள் நிறைந்திருந்தன. ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த, கணவாயின் உறவு அவை. 1860களில் தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா இவற்றை வகை வகையாக விவரித்து எழுதினார். கல்லமேட்டில் அம்மோனைட் இல்லாததற்குக் கடல் விலகியதே காரணம் எனலாம். ஆனால் கடல் திரும்பி வந்து நின்னியூர்ச் சுண்ணாம்பு படிந்தபோதும் அம்மோனைட் வரவில்லை. அதே போன்ற சுருள் ஓடுள்ள நாட்டிலஸ் மட்டும் வந்தது. அதன் இனம் இன்றும் பசிபிக்கில் நீந்துகிறது. அம்மோனைட்டின் குஞ்சுகள் கடலின் மேற்பரப்பில் மிதந்த நுண்ணுயிர்களோடு சேர்ந்து மடிந்திருக்கலாம். நாட்டிலஸ் பெரிய முட்டைகளை இடுவதால் அதன் குஞ்சுகள் தப்பியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். என்னை அதிகம் உலுக்கியது இதுதான்: வலிமை காப்பாற்றவில்லை, முட்டையின் அளவு காப்பாற்றியிருக்கலாம்.

அரியலூர் நெடுக சிமெண்ட் ஆலைகள். சுண்ணாம்புக்கல்லோடு சிப்பிகளும் சூளைக்குப் போகின்றன. வீடு கட்ட சிமெண்ட் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் சாத்தனூர் கல்மரத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை வேலி போட்டுக் காப்பதுபோல, கல்லமேடு நின்னியூர் எல்லையிலும் சில ஏக்கர்களையாவது காக்க வேண்டும். ஆசிரியர்களே, வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அங்கிருந்து செந்துறைக்கும் வாருங்கள். கல்லை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாமல் போனால் அதன் கதையில் பாதி போய்விடும்.