சூறையில் வந்த அச்சு

சனி, காலை, ராயபுரம்

அமெரிக்காவிலிருந்து தங்கை மகன் படம் அனுப்பியிருந்தான். சான் அன்டோனியோ நகரின் நடுவே அலமோ என்ற பழைய மிஷன். 1836-ல் 13 நாள் முற்றுகை கண்ட இடம். "நம்ம ஊர்ல இப்டி எதுவும் இல்லியா மாமா?" இல்லாமல் என்ன? பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் பழைய ஜெயில் ரோடு, மாடிப் பூங்கா. சிறு வயதில் ஏறி ஓடியபோது இது பழைய நகர மதில் என்று தெரியாது. 1758 டிசம்பரில் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை, ஆங்கிலேயர் கோட்டைக்கு வெளியே இருந்த கறுப்பர் நகரத்துக்குள் சுலபமாக நுழைந்தது. இரண்டு மாதம் கோட்டையை முற்றுகையிட்டது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் கண்ணில் பட்டதும் விலகிப் போனது. 1769-ல் ஹைதர் அலியும் வந்து மிரட்டிய பிறகுதான் கிழக்கிந்தியக் கும்பினி மதில் வேலையில் மும்முரமானது. செலவை வரியாக மக்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள், நடக்கவில்லை. வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர்தான் மிச்சம்.

நண்பகல், வேப்பேரி

புனித மத்தியாஸ் ஆலயம். இப்போதுள்ள கட்டடம் பிற்காலத்தது. இங்கே முதலில் இருந்தது அர்மீனிய வணிகர் உஸ்கானின் கத்தோலிக்கக் கோயில். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டித் தந்தவரும் அவரே. 1746-ல் பிடித்த சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் 1749-ல் திருப்பித் தந்ததும், கத்தோலிக்கர் மேல் சந்தேகம் கொண்ட ஆங்கிலேயர் கோயிலைப் பறித்து ஜெர்மானிய மிஷனரி ஃபாப்ரீஷியஸிடம் ஒப்படைத்தார்கள். 1751-ல் இறந்த உஸ்கானின் கல்லறை இந்த வளாகத்திலேயே இருக்கிறது. சற்று நேரம் அதன் அருகே நின்றேன்.

பிறகு லாலியின் படை வந்தபோது ஃபாப்ரீஷியஸின் வேப்பேரி மிஷன் சூறையாடப்பட்டது. அவர் எங்கள் எண்ணூருக்கும் வடக்கே, டச்சுக்காரர்களின் பழவேற்காட்டில் தஞ்சம் புகுந்தார்.

இரவு, வீடு

1761-ல் ஆங்கிலேயர் முறை. பாண்டிச்சேரி விழுந்தது. அங்கே கைப்பற்றிய அச்சு எந்திரம் வேப்பேரி மிஷனுக்கு வந்தது; கும்பினி கேட்டால் அதன் வேலையையும் அச்சடித்துத் தர வேண்டும் என்பது நிபந்தனை. 1779-ல் ஃபாப்ரீஷியஸின் தமிழ்-ஆங்கில அகராதி வேப்பேரியில்தான் அச்சானது. என் அலமாரியில் உள்ள தரங்கம்பாடிப் பதிப்பு அதன் வழி வந்தது.

மருமகனுக்கு உஸ்கான் கல்லறையின் படத்தையும் அகராதியின் முதல் பக்கத்தையும் அனுப்பினேன். வேப்பேரிப் பக்கம் போகிறவர்கள் ஒரு எட்டு உள்ளே போய் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வாருங்கள்.