வடிவுக்கு நான் கொடுக்காத வேடம்

வாளெடுத்துப் பழிவாங்கும் பெண்ணின் படம் என்றால் எனக்கு உயிர். 1973இல் ஜப்பானில் வந்த ‘லேடி ஸ்னோபிளட்’டை இப்போது போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன். பிறக்கும்போதே தாயின் பழியைச் சுமந்து பிறந்த யூகியாக அதில் மெய்கோ காஜி நடித்தார். அதன் பாதிப்பில் டாரன்டினோ 2003இல் ‘கில் பில்’ எடுத்தபோது, ஓ-ரென் இஷி என்ற பாத்திரத்தை வைத்தார். சீன, ஜப்பானிய, அமெரிக்கக் கலப்பில் பிறந்தவள். அவள் பிறப்பை இழிவாகப் பேசும் தாதாவின் தலையை அந்த இடத்திலேயே சீவிவிடுவாள். நடித்தவர் லூசி லியு. நியூயார்க்கில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். யாருடைய முகம் திரைக்கு வருகிறது, யாருடைய முகம் கூட்டத்தில் கரைகிறது என்று அந்தக் காட்சியை வைத்து நண்பர்களிடம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். பேசியதெல்லாம் சரிதான். ஆனால் நான் செய்தது வேறு.

நான் விளாத்திகுளம் பக்கத்து ஆசிரியன். ஒரு வருடம் பள்ளி ஆண்டு விழாவுக்குப் பாஞ்சாலங்குறிச்சி நாடகத்தை நான்தான் எழுதினேன், யாருக்கு என்ன வேடம் என்பதையும் நானே முடிவு செய்தேன். 1799 போரில் வெள்ளையத்தேவன் விழுந்ததும், அவனைக் கொன்றவனைத் தேடிப்போய்ப் பழிதீர்க்கும் வெள்ளையம்மாளை எல்லோருக்கும் தெரியும். 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் அது பத்மினி. அதே மண்ணில் இன்னொருத்தியும் உண்டு. கவர்னகிரியைச் சேர்ந்த தளபதி சுந்தரலிங்கத்தின் முறைப்பெண் வடிவு. இருவரும் தீப்பந்தத்தோடு கும்பினியாரின் வெடிமருந்துக் கிடங்குக்குள் பாய்ந்து, தங்களையும் சேர்த்துக் கொளுத்திக்கொண்டார்கள் என்று ஒட்டப்பிடாரம் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்து கேட்டாள். “சார், வடிவையும் நாடகத்துல வைங்க சார். நான் நடிக்கேன்.” அவளுடைய அம்மா கரிமூட்டத்தில் கூலி வேலை பார்ப்பவர். அப்பாவிடம் கற்றுக்கொண்டு அவள் கம்பு சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன், காற்றுக் கிழியும். “நேரம் பத்தாதும்மா” என்றேன். வெள்ளையம்மாள் வேடத்தை, வாளை எந்தக் கையில் பிடிப்பது என்று கேட்ட ஒரு சிவந்த பிள்ளைக்குக் கொடுத்தேன். கம்பு தெரிந்தவளைக் கோட்டைக்குத் தண்ணீர் சுமக்கும் பெண்களோடு நிறுத்தினேன். அவள் மறுபேச்சு பேசவில்லை. ஒரு ஒத்திகைகூடத் தவறவிடவில்லை.

நேரம் இருந்தது. எட்டப்பனின் அரண்மனைக் காட்சியை ஒரு பக்கம் குறைத்திருந்தால் வடிவு உள்ளே வந்திருப்பாள். நான் தடுத்ததற்குக் காரணம் இரண்டு. மேடையில் விளக்குப் போட்டால் கறுத்த முகம் எடுபடாது என்று நினைத்தேன். நாயகி என்றால் சிவப்பு என்பது எனக்குள் அவ்வளவு ஊறியிருந்தது. அடுத்தது சாதி. நான் ஆதிக்கச் சாதியில் பிறந்தவன். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த சுந்தரலிங்கம், வடிவு என்ற பெயர்களை மேடையில் சொன்னால் முன்வரிசையில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று பயந்தேன்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். 1997இல் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. கடைசியில் அரசு, மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையுமே நீக்கியது. அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் கால் வைக்க மாட்டோம் என்று டீக்கடையில் சிலர் பேசினார்கள். இளைஞனாக நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையாட்டினேன். கும்பினியை எதிர்த்துச் செத்தவனின் பெயர் பஸ்ஸின் நெற்றியில் இருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்? அன்று அதை என்னிடமே நான் கேட்டுக்கொள்ளவில்லை. பல வருடம் கழித்து, வாத்தியாராகி, கையில் அதிகாரம் வந்த பிறகு, அந்தத் தலையாட்டலைத்தான் ஒரு பிள்ளையிடம் “நேரம் பத்தாது” என்று சொன்னேன்.

இந்த வருடம் மறுபடியும் அந்த நாடகத்தைப் போடச் சொல்லியிருக்கிறார்கள். வடிவுக்கு முழுக் காட்சி எழுதிவிட்டேன். அதனால் அந்தப் பிள்ளைக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவள் இப்போது கோவில்பட்டியில் வேலை பார்க்கிறாள். பஸ் நிலையத்தில் பார்க்கும்போதெல்லாம் “சார், நல்லாயிருக்கீங்களா” என்று கேட்கிறாள். ஊர்க்கதை பேசிவிட்டு வந்துவிடுகிறேன். அன்று நேரம் இருந்தது என்பதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.