புளஃபர்ஸ் பார்க்கில் ஆறு இறாத்தல் தங்கூசி

ஸ்காபரோவில் இருக்கிற எங்கட ஆக்களுக்கு புளஃபர்ஸ் பார்க்குக்கு வழி சொல்லத் தேவையில்லை. கிங்ஸ்டன் வீதியிலிருந்து பிரிம்லி வீதியால் தெற்கே திரும்பினால், ரோட்டு செங்குத்தாக இறங்கி ஒன்ராறியோ ஏரிக்கரையில் கொண்டுபோய் விடும். பின்னால் வெளிறிய மண்மலை, சில இடங்களில் 90 மீற்றர் உயரம். இங்கிலாந்தின் ஸ்காபரோ கடற்கரையை நினைவுபடுத்துது என்று 1793 இல் எலிசபெத் சிம்கோ சொன்ன பெயர்தான் ஊருக்கு நிலைத்தது. மலை பழசு, ஆனால் பார்க் இருக்கிற தரை ஏரிக்குள் மண் கொட்டி நிரப்பி உண்டாக்கினது. அதனால் உள்பக்கத்தில் அலை அடங்கின சின்னக் குடாக்களும் கரையோரம் பெரிய கற்களும் இருக்கு. பிள்ளைகளோட தூண்டில் போட நல்ல இடம்.

இங்கே மூன்று தலைமுறையும் சேர்ந்து நிக்கிற குடும்பங்களைக் காணலாம். கனடாவில் வசிக்கிறவர்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 ஐத் தாண்டினவர்களுக்கும் ஒன்ராறியோவில் மீன்பிடி லைசன்ஸ் வாங்கத் தேவையில்லை. நடுவில் நிக்கிற எங்களுக்குத்தான் அவுட்டோர்ஸ் கார்டும் லைசன்ஸும் வேணும். எந்த மீனை எந்தக் காலத்தில் பிடிக்கலாம், எத்தனை வைத்திருக்கலாம் என்ற விதிகள் எல்லாருக்கும் ஒன்றுதான்.

வாக்குவாதம் வருவது தங்கூசியில். கடையில் நிக்கேக்க அப்பப்பா சொல்லுவார், "மொத்தமாப் பார்த்து வாங்கு தம்பி, அறாது." அவர் பழகின மீன்பிடிக்கு அது சரியான பேச்சு. ஊரில் கைத்தூண்டிலுக்குத் தடி இல்லை, றீல் இல்லை. தடித்த தங்கூசிதான் கையை வெட்டாது, சிக்காது. மீன் இழுத்தால் விரல் இளகும், மீன் களைத்தால் விரல் இறுகும். முழு வேலையும் விரலில்.

மெல்லிய ஸ்பின்னிங் தடியில் அந்த வேலை பிரிஞ்சு போகுது. தடியின் கைப்பிடிக்கு மேலே இரண்டு கணக்கு அச்சடிச்சிருக்கும். ஒன்று தங்கூசியின் பலம்: 4 முதல் 8 இறாத்தல், அதாவது 1.8 முதல் 3.6 கிலோ. மற்றது எறியக்கூடிய பாரம்: ஏறத்தாழ 2 முதல் 9 கிராம். லைட் என்று விற்கிற தடிகளில் பெரும்பாலும் இந்த அளவுகள்தான். அதற்கு 1000 அல்லது 2000 என்ற அளவு றீல் பொருந்தும்.

இதில் 15 இறாத்தல் தங்கூசி சுத்தினால் இரண்டு பிழை நடக்கும். முதலாவது, எறிய முடியாது. சின்னச் சுருளில் தடித்த தங்கூசி சுருண்ட வடிவத்தை மறக்காது. ஸ்பிரிங் மாதிரிப் பாய்ந்து தடியின் வளையங்களில் உரசும். மூன்று கிராம் தூண்டிலுக்கு அதை இழுத்துக்கொண்டு பறக்கிற பாரம் இல்லை. பிள்ளை எறிஞ்சது காலடியில் விழுந்தால், பத்து நிமிசத்தில் போனைக் கேக்கும்.

இரண்டாவது பெரிசு. கல்லுக்குள் தூண்டில் மாட்டினால் ஏதோ ஒன்று அறவோ முறியவோ வேணும். தங்கூசி அறாவிட்டால் தடி முறியும். மலிவாகத் திரும்ப வாங்கக்கூடிய பொருள்தான் முதலில் விட்டுக்கொடுக்க வேணும்.

அதுக்காக ஆக மெல்லிசும் வேண்டாம். 2 இறாத்தலில் ஒரு நல்ல பாஸ் மாட்டினால் அரை உயிர் போகுமட்டும் இழுபட்டுத்தான் கரைக்கு வரும். கோடைச் சுடுதண்ணியில் அப்படிக் களைத்த மீனைத் திருப்பி விட்டாலும் பிழைக்கிறது கஷ்டம். பெர்ச், சன்ஃபிஷ், இடைக்கிடை ஒரு பாஸ் என்றால் 6 இறாத்தல் சாதாரணத் தங்கூசி போதும். சுருளின் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் கீழே வருமட்டும் நிரப்புங்கோ. குறைஞ்சால் தூரம் போகாது, கூடினால் சிக்குப்படும்.

பின்னல் நூலான பிரெய்ட் ஒரே மொத்தத்தில் பல மடங்கு பலம், அதோட இழுபடாது. மாட்டினால் கையில் சுத்தி இழுக்கக் கூடாது, விரலை வெட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அதை நான் குடுக்க மாட்டன்.

இடம் மாறினால் கணக்கும் கொஞ்சம் மாறும். புளஃபர்ஸில் கற்களில் ஸீப்ரா மட்டி ஒட்டியிருக்கு, அதன் ஓடு கத்தி மாதிரி. அடிக்கடி கடைசி ஒரு மீற்றரை விரலால் தடவிப் பாருங்கோ, சொரசொரப்பு இருந்தால் வெட்டிவிட்டுத் திரும்ப முடியுங்கோ. ஹை பார்க்கின் கிரெனடியர் குளத்தில் செடி அடர்த்தி, அங்கே 8 வரைக்கும் போகலாம். படகில் ரொறன்ரோத் தீவுகளுக்குப் போனால் வாய்க்கால்களில் பைக் மீன் இருக்கு. அதன் பல்லுக்கு 6 உம் 8 உம் ஒன்றுதான், தூண்டிலுக்கு மேலே ஒரு சாண் கம்பி லீடர் போட வேணும்.

எங்கே போனாலும் அறுத்த தங்கூசியைக் கரையில் விடாதேங்கோ. வாத்தின் காலிலும் கடற்காகத்தின் சிறகிலும் அது சுத்திக்கொள்ளும். ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வாங்கோ. மீனைக் கறிக்குக் கொண்டுபோக நினைத்தால், எந்த நீரில் எந்த அளவு மீனை மாதத்துக்கு எத்தனை தரம் சாப்பிடலாம் என்று மாகாண அரசு வெளியிடும் வழிகாட்டியைப் பாருங்கோ. பிள்ளைகளுக்கும் பிள்ளைபெறும் வயதுப் பெண்களுக்கும் அதில் தனிக் கணக்கு இருக்கு.

மிச்சம் இருப்பது டிராக், மீன் பலமாக இழுத்தால் சுருள் வழுக்கி நூல் விடுகிற திருகு. தங்கூசியின் பலத்தில் நாலில் ஒரு பங்குக்கு அதை வையுங்கோ. 6 இறாத்தல் என்றால் 2.7 கிலோ, நாலில் ஒன்று ஏறத்தாழ 700 கிராம். 700 மில்லிலீட்டர் தண்ணி உள்ள போத்தலை றீலிலிருந்து நேரே தொங்கவிட்டால் அது மெல்ல இறங்க வேணும்.

ஆனால் பிள்ளைக்கு டிராக்கை விளங்கப்படுத்துகிற வேலையை அப்பப்பாவிடம் விடுங்கோ. தடி இல்லாமல், தங்கூசியின் ஒரு நுனியைப் பிள்ளை பிடித்துக்கொண்டு புல்லில் ஓடட்டும், மற்ற நுனி அவர் விரலில் இருக்கட்டும். எப்ப விடுறார், எப்ப இறுக்கிறார் என்று பிள்ளை கையால் உணரும். பிறகு அவரே அந்தத் திருகைத் திருகிப் பார்ப்பார். மொத்தத் தங்கூசி பற்றின கதை அதோட முடிஞ்சிடும்.