சிலேட்டில் ஒரு வேலை

செங்கற்பட்டில் நாம் ஓதிக்கொடுத்து வந்த காலத்தில் சூட்டிகையான மாணவர் ஒருவர் இருந்தார். பத்தொன்பதாம் வயதில் அவர் மெல்ல மாறலானார். பாடம் மறந்தது, ஸலாமுக்குப் பதில் வரவில்லை. சோம்பல் என்றெண்ணிப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டோம். பின்னர், யாருமில்லா மூலையில் அவர் யாருடனோ பேசக் கண்டபோது, ஜின்னின் வேலை என்றவர்களோடு நாமும் தலையசைத்தோம். ‘மஜ்னூன்’ என்னும் சொல்லின் வேருக்கு ‘மறைத்தல்’ என்று பொருள் சொல்லி இலக்கணம் நடத்தியவர்கள் நாம்! மறைந்த அறிவைத் தேட வேண்டுமென்று தோன்றவில்லை. ஓராண்டு தர்காக்களிலேயே கழிந்தது.

2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடிக் காப்பகமொன்றில் தீப்பற்றி, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். அச்செய்தி கேட்டுப் பதறிய அவருடைய அத்தா, மகனை மருத்துவரிடம் காட்டினார். மனச்சிதைவு என்றார்கள். மருந்தால் குரல்கள் அடங்கின. ஆனால் கவனம், நினைவு, ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டமிடும் ஆற்றல் ஆகியவற்றை மருந்து பெரிதும் மீட்பதில்லை. ஜகாத் கொடுக்க நீளும் நம்மவர் கை, இத்தகையோருக்கு வேலை கொடுக்க நீள்வதில்லை.

மாமல்லபுரத்தில் சிப்பிப் பொருள் விற்கும் உறவினர் ஒருவர் சேர்த்துக்கொண்டார். முதல் நாள் மூன்று வேலைகளை ஒருசேரச் சொல்ல, இவர் நின்றபடியே நின்றாராம். அனுப்பிவிடவே எண்ணினார். அவர் மனைவியோ சிலேட்டு ஒன்றை மாட்டி, ஒரு வேலையை மட்டும் எழுதி, அது முடிந்தபின் அழித்து அடுத்ததை எழுதினார். கடை மூடியபின் தாமே வெளியூர்க்காரியாக நடித்துப் பேரம் பேசுவார்: முகத்தைப் பார், விலையைச் சொல், பேசி முடிக்கும்வரை பொறு.

இதுவே மருத்துவர் கூறும் சமூகத்திறன் பயிற்சி எனப் பின்னரே அறிந்தோம். அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம், கோவா, சதாரா ஆகிய இடங்களில் 282 பேரிடம் நடந்து, 2014-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள் வீடு தேடிச் சென்று உதவியதால் நோயாளரின் இயலாமை குறைந்தது. சற்றே குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில்தான் பலன் கூடுதல்.

அண்மையில் அக்கடைக்குச் சென்றோம். பழைய கடிந்துரைக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தோம். அவர் சிலேட்டைச் சுட்டி, “இதை முடிச்சிடறேன், ஹஜ்ரத். உட்காருங்க” என்றார். சோழிகளை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தோம்.