பேரனுக்கு ஒரு வண்டி

ஆண்டுத் தேர்வுகள் முடிந்த மறுநாள், அஸர் தொழுது வீடு திரும்பிய நம்மைத் திண்ணையிலேயே மறித்துக்கொண்டான் மகள் வயிற்றுப் பேரன். வயது பத்து. கையில் ஒரு தாள். அதில் நான்கு சிறு சக்கரங்கள், ஓர் இருக்கை, இருக்கைக்குப் பின்னே கறுப்பு மை தீட்டிய ஒரு பெட்டி.

"நன்னா, இதுதான் எஞ்சின். இதை மட்டும் நீங்க வாங்கிக் குடுங்க. மத்ததெல்லாம் நான் செஞ்சுக்கறேன்."

மற்றதெல்லாம் என்பதில் சட்டமும் சக்கரமும் தடையும் அடங்கும் என்பது அவனுக்குத் தெரியாததன்று. சென்ற விடுமுறையில் கோவைக்கு அழைத்துச் சென்றபோது 'கோ-கார்ட்' எனப்படும் அந்தக் குறுவண்டியில் ஐந்து நிமிடம் அமர்ந்து வந்தவன். அன்று பிடித்த பித்து இன்னும் தெளியவில்லை.

கோவைக்குச் சென்று வந்த பிள்ளைக்கு இப்படியொரு பித்துப் பிடிப்பதில் வியப்பில்லை. ஆங்கிலேயர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அதே வண்டியை வாங்கிக் கழற்றி மாட்டிப் பார்த்தவர் ஜி.டி. நாயுடு. 1980களின் இறுதியில் மாருதிக் காரின் எஞ்சினை வைத்துப் பந்தய வண்டிகள் கட்டி, எளிய இளைஞரும் பந்தயத்தில் இறங்க வழிசெய்தவர் கரிவரதன். 1995இல் வான ஊர்தி விபத்தொன்றில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட ஓடுதளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைப் பிள்ளையே. சத்தியமங்கலத்திலிருந்து கோவை எழுபது கிலோமீட்டர்கூட இல்லை.

ஆயினும் நாம் உடனே தலையசைக்கவில்லை. நம் இடக்கை ஆட்காட்டி விரலின் நுனிக்கணு இல்லை. பேரன் பலமுறை அதன் கதையைக் கேட்டிருக்கிறான். நாமும் ஏதோ சொல்லி மழுப்பியிருக்கிறோம். இப்போது அதைச் சொல்லியாக வேண்டியதாயிற்று.

1960களின் தொடக்கம். நம் அத்தாவின் தோட்டத்தில் மின்சாரம் வரவில்லை. கிணற்றுமேட்டில் ஓர் ஆயில் எஞ்சின் இருந்தது. அதன் பெருஞ்சக்கரத்திலிருந்து பம்புக்குத் தட்டைப் பட்டை ஒன்று ஓடும். கிளட்ச் என்பதே கிடையாது. எஞ்சின் ஓடினால் பட்டை ஓடும். பட்டை ஓடினால் பம்பு ஓடும். ஒன்றை நிறுத்தாமல் மற்றொன்றை நிறுத்த வேண்டுமானால் ஒரு கோலால் பட்டையைத் தள்ளிவிட வேண்டும். அந்தக் கோல் வேலையைத்தான் ஒருநாள் நாம் கையால் செய்யப் பார்த்தோம். நமக்கு அப்போது வயது ஒன்பது. அத்தா ஓடிவந்து எஞ்சினை அணைத்தார். ஆனால் அணைத்த பின்னும் அந்தக் கனத்த சக்கரம் தன் வேகத்திலேயே இன்னும் சில சுற்றுச் சுற்றியது. அந்தச் சில சுற்றுகளில்தான் விரல் போயிற்று.

இதைக் கேட்ட பேரன் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்ப என் வண்டிக்கு நல்ல கிளட்சா வாங்கணும், நன்னா" என்றான். மறுப்பதற்கென்று சொன்ன கதை அவன் கையில் வேறுவிதமாகத் திரும்பிவிட்டது. நம் மகளோ அடுக்களையிலிருந்தபடியே, "ஒண்ணும் வேண்டாம். களத்துக்குக் கீழே கிணறு இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்தானே?" என்றாள். அது வெறும் அச்சமன்று. நம் நெற்களம் மேற்கிலிருந்து கிழக்காகச் சற்றே சரியும். கீழ்க்கோடியில், இப்பகுதிக் கிணறுகள் பலவற்றைப்போல் கைப்பிடிச் சுவரில்லாத அகன்ற கிணறு. வண்டி ஓட வேறிடமில்லை. தெருவில் ஓட்டச் சட்டமும் இடந்தராது, நம் மனமும் இடந்தராது.

சார்ஜாவிலிருந்து மருமகன் தொலைபேசியில் அழைத்தார். அவர் எண்ணம் முற்றிலும் வேறு. "மாமா, சின்ன எஞ்சினா வாங்காதீங்க. ஆறே மாசத்துல அலுத்துப் போயிடும். இருநூறு சி.சி.யா வாங்கிட்டா பதினாறு வயசு வரைக்கும் ஓடும். பணம் நான் அனுப்பறேன்" என்றார். தொலைவில் இருக்கும் தந்தை, பிள்ளைக்குக் கொடுப்பதைப் பெரிதாகவே கொடுக்க விரும்புவது இயல்பு. நாம் மறுத்துரைக்கவில்லை. பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்தோம்.

பார்க்கப் புறப்பட்ட இடம், நம் ஊர் பட்டறைத் தம்பி ஒருவரின் கொட்டகை. டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிகளைப் பழுது பார்ப்பதில் கைதேர்ந்தவர். மல்லிகைக் கூடையும் வாழைத்தாரும் ஏற்றிச் செல்லும் அந்த வண்டிகள் இல்லாவிட்டால் இவ்வூர்ச் சந்தை பாதி நின்றுபோகும். நாம் விவரம் சொன்னதும் அவர் கேட்ட முதற்கேள்வி இது: "பாய், பேரனுக்கு வேணுங்கறது வேகமுங்களா, வண்டிங்களா?"

அவர் கொட்டகையிலேயே பழைய எக்ஸ்.எல். எஞ்சின் ஒன்று கிடந்தது. 69.9 சி.சி., இரண்டு வீச்சு எஞ்சின். தானே பிடித்துத் தானே விடும் கிளட்ச் அதற்குள்ளேயே உண்டு. ஏறத்தாழ இலவசம். நாம் அதை எடுத்துக்கொள்ளத் துணிந்தபோது அவரே தடுத்தார். மொபெட் ஓடும்போது எதிரே வீசும் காற்றுத்தான் அந்த எஞ்சினைக் குளிர வைக்கிறது. குறுவண்டியிலோ எஞ்சின் பிள்ளையின் முதுகுக்குப் பின்னே மறைந்து உட்காரும், களத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் சுற்றினால் காற்றே கிடையாது, சூடேறிப் பிடித்துக்கொள்ளும் என்றார். தண்ணீர் இறைக்கவும் மருந்தடிக்கவும் வரும் எஞ்சின்கள் நின்ற இடத்திலேயே வேலை செய்யப் பிறந்தவை. அவற்றின் சுழல் சக்கரத்திலேயே விசிறி உண்டு. அதுதான் ஏற்றது என்பது அவர் முடிவு. இக்குறுவண்டியின் பிறப்பே அப்படித்தான். 1956இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், பந்தயக் கார் கட்டும் நிறுவனமொன்றில் பணியாற்றிய ஆர்ட் இங்கல்ஸ் என்பவர், புல்வெட்டும் பொறிக்கென்று செய்த எஞ்சினை வைத்துத்தான் முதல் வண்டியைக் கட்டினார்.

பிறகு நேர்ந்த பிழை நம்முடையது. சொல்லிவிடுவதே நேர்மை. கோவையில் ஒரு காயலான் கடையில் (காயல்பட்டினத்து வணிகரால் வந்த பெயர் இது என்பர், நம்மவர் பெயர் பழைய இரும்போடு ஒட்டிக்கொண்டதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு, சிறு வருத்தமும் உண்டு) நல்ல நிலையிலிருந்த பம்பு எஞ்சின் ஒன்றைக் கண்டோம். 163 சி.சி. கயிற்றை இழுத்ததும் முதல் இழுப்பிலேயே ஓடிற்று. விலை பேசி, ஆட்டோவில் ஏற்றி, பேருந்தில் வைத்து ஊர் சேர்த்தோம். பட்டறைத் தம்பி அதன் அச்சைப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார். அச்சின் நுனியில் மரை வெட்டியிருந்தது. பம்பின் விசிறியைத் திருகி மாட்டுவதற்கான மரை. கிளட்ச் மாட்ட வேண்டுமானால் நேரான அச்சும், அதன் பக்கத்தில் சாவிக்கட்டை உட்காரும் பள்ளமும் வேண்டும். அச்சின் விட்டமும் கிளட்சின் துளையும் ஒன்றாயிருக்க வேண்டும். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர், சில எஞ்சின்களில் அச்சு 20 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த வேறுபாட்டில் பணமும் நாளும் போய்விடும். எஞ்சினின் ஒலியைக் கேட்டு வாங்கினோம். அச்சை அளந்து வாங்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு நட்டத்தில் அதே கடைக்குத் திருப்பிக் கொடுத்தோம்.

அடுத்த முறை தம்பியையும் உடன் அழைத்துச் சென்றோம். புதிய நான்கு வீச்சு எஞ்சின், 98 சி.சி., சுமார் இரண்டரைக் குதிரைத்திறன். அச்சு நேரானது, சாவிப்பள்ளம் உள்ளது. பேரனின் எடை முப்பது கிலோ. வண்டி எழுபது கிலோவுக்கு மிகாது. அதற்கு இது போதும், சற்றுக் கூடுதலும்கூட.

கிளட்ச் விஷயம்தான் நம்மை மூன்று இரவுகள் உறங்கவிடவில்லை. சந்தனக்கூடு விழாக்களில் குடை ராட்டினம் சுற்றுவதைக் கண்டிருப்பீர்கள். மெல்லச் சுற்றும்போது தொங்கும் இருக்கைகள் நேராகத் தொங்கும். வேகம் கூடக் கூட வெளியே விரியும். இந்தக் கிளட்சும் அவ்வாறே. எஞ்சின் அச்சில் சில இரும்புக் கட்டைகள் வில்சுருளால் உள்ளிழுத்துக் கட்டப்பட்டுள்ளன. எஞ்சின் மெல்ல ஓடும்போது அவை அடங்கிக் கிடக்கும், வண்டி நிற்கும். நிமிடத்திற்கு ஏறக்குறைய 2000 சுற்று வந்ததும் அவை விரிந்து, சுற்றியுள்ள கிண்ணத்தைப் பற்றும். கிண்ணத்தோடு பல்சக்கரமும் சங்கிலியும் சுழலும். மிதியை விட்டால் மீண்டும் அடங்கும். கால் ஒன்றுக்கு மிதி ஒன்று. பிள்ளைக்கு வேறு கணக்கில்லை. நம் அத்தாவின் எஞ்சினில் இது மட்டும் இருந்திருந்தால் என்ற எண்ணம் வராமலில்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கட்டைகள் முழுதும் பற்றாமல் வழுக்கிக்கொண்டே உராயும் நிலை நீடித்தால் கிண்ணம் நீலம் பாரித்துச் சுட்டுவிடும். அதிவேகமாக ஓட்டுபவன் கிளட்சைக் கெடுப்பதில்லை. அஞ்சி அஞ்சி மெல்ல ஓட்டும் பிள்ளைதான் கெடுக்கிறது. கிளட்சில் 12 பல், பின்னச்சில் 72 பல் என்றால் விகிதம் ஆறு. சக்கரத்தின் விட்டம் 28 சென்டிமீட்டர். எஞ்சின் உச்சமாக 3600 சுற்று ஓடினால் வண்டி மணிக்கு 32 கிலோமீட்டர் ஓடும். அது கிடக்கட்டும், 2000 சுற்றில் கிளட்ச் பற்றும்போதே வண்டியின் வேகம் 17 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். களத்தில் பன்னிரண்டு, பதின்மூன்றில் சுற்றும் பிள்ளைக்கு அது ஒருபோதும் முழுதாய்ப் பற்றாது.

எஞ்சினின் வேகக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி 2500 சுற்றுக்குமேல் போகாமல் செய்துவிடலாமே என்று நாம் கேட்டோம். உச்ச வேகம் குறையும், ஆனால் கிளட்ச் பற்றும் இடம் மாறாது, நோய் அப்படியே இருக்கும் என்றார் தம்பி. பின்னச்சில் இன்னும் பெரிய பல்சக்கரம் போட்டாலோ? 96 பல் என்றால் அதன் விட்டம் சக்கரத்தின் விட்டத்தையே தாண்டி மண்ணில் உரசும். முடிவில் நடுவே ஓர் இடையச்சு வைத்தோம். கிளட்சின் 12 பல்லிலிருந்து இடையச்சின் 16 பல்லுக்கு ஒரு சங்கிலி. இடையச்சின் மறுமுனை 12 பல்லிலிருந்து பின்னச்சின் 72 பல்லுக்கு மற்றொரு சங்கிலி. விகிதம் எட்டு. உச்ச வேகம் 24 கிலோமீட்டருக்குள் அடங்கிற்று. பற்றும் வேகம் 13க்கு இறங்கிற்று. இந்தக் கணக்கைப் பேரன் தன் தாளின் பின்புறத்தில் எழுதி, இரு முறை சரிபார்த்தான். பள்ளியில் பின்னக் கணக்குக்கு அழுதவன் அவன்.

கிணறு மட்டும் மீதமிருந்தது. நம் ஊரிலிருந்து மைசூர்ப் பக்கம் ஏறும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும் சுமையுந்துகள் கீழ்ப்பல்லில் போட்டு, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்க இறங்குவதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். விரியும் கட்டைக் கிளட்சில் அந்தத் துணை இல்லை. வேகம் தாழ்ந்ததும் கட்டைகள் கைவிட்டுவிடும். சரிவில் வண்டி தன்பாட்டில் உருளும். ஆகையால் எஞ்சினை ஏற்றுமுன்பே தடையைப் பொருத்தி, எஞ்சினில்லா வண்டியில் பேரனை உட்கார வைத்துச் சரிவில் தள்ளிவிட்டு நிறுத்தச் சொன்னோம். இரண்டு நாள் அதுவே விளையாட்டு. சங்கிலிகளுக்குத் தகரக் கூடு போட்டோம். பையனின் மணிக்கட்டில் கட்டிய கயிறு இழுபட்டால் எஞ்சின் அணையும்படி ஒரு விசையும் வைத்தாயிற்று. கிணற்றைச் சுற்றி இடுப்புயரச் சுவர் எழுப்பக் கொத்தனாரை அழைத்தோம். எஞ்சினைக் காட்டிலும் சுவருக்கு ஆன செலவு மிகுதி. அறுபதாண்டுகளாக எழாத சுவர் அது.

மின்மோட்டார் போட்டால் கிளட்சே வேண்டாம், புகையுமில்லை என்று கோவை நண்பர் ஒருவர் சொன்னார். உண்மைதான்; வருங்காலம் அதுவே என்றும் தோன்றுகிறது. பேரனிடம் சொல்லிப் பார்த்தோம். "சத்தமே வராதே, நன்னா" என்றான். அதற்குமேல் வாதிக்க நமக்கும் மனமில்லை. காயலான் கடையில் ஒலி கேட்டு மயங்கியவர் நாமன்றோ!

சுவர் உலர்ந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின் வண்டியைக் களத்தின் மேற்கோடியில் நிறுத்தினோம். மகள் தாழ்வாரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தம்பி கயிற்றை இழுத்தார். எஞ்சின் உறுமி, பிறகு அடங்கி, சீராக ஓடிற்று. தலைக்கவசத்துக்குள் பேரனின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவன் மிதியைத் தொடவில்லை. அந்நேரம் பார்த்துச் சார்ஜாவிலிருந்து அழைப்பு வந்தது. தொலைபேசியை அவன் முகத்தருகே பிடித்தோம்.

"எவ்வளவு வேகம் போகுது?" என்று அங்கிருந்து கேட்டார் மருமகன்.

"இன்னும் போகலை, அத்தா" என்றான் பேரன், எஞ்சினின் ஒலிக்குமேல் குரலெழுப்பி. "எஞ்சின் ஓடுது. வண்டி நிக்குது. பாருங்க, நிக்குது!"