பால்குடம் எடுக்காத தைப்பூசம்



கோவில் அன்னதானக் கூடத்துல எங்க ரெண்டு பேரையும் பார்த்திருப்பீங்க. வெள்ளிக்கிழமைன்னா ஒருத்தர் சாம்பார் அண்டாகிட்ட, ஒருத்தர் இலை போடுற இடத்துல. எங்க மகளையும் தெரிஞ்சிருக்கும். ஒல்லியா, கொஞ்சம் குள்ளமா, தண்ணி ஜக்கோட வரிசை வரிசையா வருவாளே, அவதான். "ஏம்மா இப்படி வெளுத்துப் போயிருக்கே? பேரீச்சம்பழம் சாப்பிடு, முருங்கைக்கீரை சாப்பிடு, ரத்தம் ஊறும்"னு நிறைய பேர் அக்கறையா சொல்லியிருக்கீங்க. நாங்க சிரிச்சிட்டு நகர்ந்துடுவோம். தைப்பூசம் நெருங்குது, இந்த வருஷமாவது பதில் சொல்லிடணும்னு தோணுச்சு. மகள்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறோம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

எங்க மகளுக்குத் தலசீமியா மேஜர். பிறவியிலேயே வர்ற ரத்தக் கோளாறு. உடம்பு சரியான சிவப்பணுக்களைத் தயாரிக்காது. இது தொத்து நோய் இல்லை, சாபமும் இல்லை. அப்பா, அம்மா ரெண்டு பேருமே இந்தக் குறையைத் தாங்கிகளா சுமந்தா, ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு பிள்ளைக்கு முழு நோயா வரும். தாங்கிகளுக்கு வெளியில ஒண்ணும் தெரியாது. எங்களுக்கும் தெரியல. நாங்க அத்தை மகன், மாமன் மகள். சொந்தம் விட்டுப் போகக்கூடாதுன்னு பெரியவங்க பண்ணி வச்ச கல்யாணம். பத்துப் பொருத்தமும் பார்த்தாங்க. ரத்தத்தை மட்டும் யாரும் பார்க்கல.

எட்டாவது மாசத்துல பிள்ளை வெளுத்துப் போய், வயிறு உப்பி, பால் குடிக்காம கிடந்தா. அன்னைக்கு ஏத்துன முதல் ரத்தப் பையிலிருந்து இன்னைக்கு வரைக்கும் மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏத்துறோம். இப்ப அவளுக்கு 19 வயசு. 200 தடவைக்கு மேல ஆயிடுச்சு. ரத்தம் கொடுத்த ஒருத்தர் பேரும் எங்களுக்குத் தெரியாது. மலாய்க்காரரா, சீனரா, தமிழரா, எதுவும் தெரியாது. சந்நிதியில அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் கேட்கும்போது, அந்தப் பேர் தெரியாதவங்களையும் மனசுல நினைச்சுக்குவோம்.

இப்ப பேரீச்சம்பழத்துக்கு வருவோம். எங்க பிள்ளைக்கு இரும்புச்சத்து குறைவு இல்லை, அளவுக்கு மிஞ்சி இருக்கு. ஒரு ரத்தப் பையில ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு இருக்கு. நம்ம உடம்பு ஒரு நாளைக்கு வெளியேத்துறது 1, 2 மில்லிகிராம்தான். மீதி எங்க போகும்? கல்லீரல்ல, இதயத்துல, கணையத்துல, சுரப்பிகள்ல போய்ப் படியும். வளர்ச்சி நிக்கும், சர்க்கரை வியாதி வரும், இதயம் பழுதாகும். அவ குள்ளமா இருக்கிறதுக்கும் அதுதான் காரணம். ஒரு பழத்தால பெருசா ஒண்ணும் ஆகிடாது. ஆனா யாரோ அன்பா வாங்கிக் கொடுத்த இரும்பு டானிக்கை ஒரு மாசம் கொடுத்துட்டோம், அவ சின்னப் பிள்ளையா இருந்தப்போ. விஷயம் தெரிஞ்ச அன்னைக்கு டாக்டர் முகத்தை எங்களால நிமிர்ந்து பார்க்க முடியல.

அந்த இரும்பை வெளியேத்த மருந்து இருக்கு. நோய் பழகிப் போச்சு, மருந்து பழகறதுதான் கஷ்டம்.

முதல்ல பம்ப் ஊசி. டெஸ்ஃபெரால்னு பேர். ராத்திரி வயித்துல தோலுக்கு அடியில ஊசியைக் குத்தி, சின்ன மெஷினை இடுப்புல கட்டிவிட்டா, எட்டு பத்து மணி நேரம் சொட்டுச் சொட்டா இறங்கும். வாரத்துல அஞ்சு ராத்திரி. குத்துன இடம் கட்டி கட்டியா வீங்கும், அரிக்கும். மறுநாள் சிறுநீர் சிவப்பா போகும், முதல் தடவை பார்த்துட்டு ரத்தம்னு பயந்து ஓடினோம். இரும்பு வெளியேறுறதுதான் அதுன்னாங்க. அம்மாவுக்குக் கை நடுங்கும், அப்பாதான் ஊசி போடுவார். "இன்னைக்கு ஒரு நாள் வேணாம்பா"ன்னு கும்பிடுவா. சில ராத்திரி நாங்களே தோத்துப்போய் விட்டிருக்கோம்.

அவளுக்கு 14 வயசா இருக்கும்போது ஒரு நாள் காய்ச்சல் பார்த்தோம். வெப்பமானி பீப் அடிச்சுக்கிட்டே இருக்கு, அவ எடுக்காம உட்கார்ந்திருக்கா. "சத்தம் கேக்கலையா?"ன்னா, "எந்த சத்தம்?"கிறா. இந்த மருந்து சிலருக்குக் காதைப் பாதிக்கும், மெல்லிசான கூர்மையான சத்தம்தான் முதல்ல போகும். பரிசோதனை பண்ணி, மருந்தளவைக் குறைச்சாங்க. அதனாலதான் வருஷா வருஷம் காது, கண் பரிசோதனைக்கு வரச் சொல்றாங்க. இந்த மருந்து எடுக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, அந்தத் தேதியைத் தள்ளிப் போடாதீங்க.

அளவைக் குறைச்சதும் இரும்பு ஏறுச்சு. ஃபெரிட்டின்னு ஒரு கணக்கு, 1,000-க்குக் கீழ வைக்கப் பார்ப்பாங்க. அவளுக்கு 2,500-ஐத் தாண்டிடுச்சு. பம்போட சேர்த்து டெஃபெரிப்ரோன் மாத்திரை கொடுத்தாங்க, ஒரு நாளைக்கு மூணு வேளை. குமட்டல், முட்டிவலி. சப்பணம் போட்டு உட்கார்ந்து தேவாரம் பாட முடியாம, மண்டபத்துல நாற்காலி போட்டு உட்காருவா. "இந்த வயசுல நாற்காலியா?"ன்னு கேட்டவங்க இருக்காங்க. அவங்க மேல கோபம் இல்லை, அவங்களுக்குத் தெரியாது.

மாத்திரை கொடுக்கும்போது டாக்டர் ஒண்ணை அழுத்திச் சொன்னார். நூத்துல ஒருத்தருக்கு இது வெள்ளணுக்களை அப்படியே இறக்கிடும். வாரா வாரம் ரத்தப் பரிசோதனை பண்ணணும். காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தா மாத்திரையை நிறுத்திட்டு உடனே வரணும், விடியட்டும்னு காத்திருக்கக்கூடாது.

2024 தைப்பூசம், ஜனவரி 25. பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கணும்னு மகளே ஆசைப்பட்டா. டாக்டர்கிட்ட கேட்டோம். ரத்தம் ஏத்துன வாரமா பார்த்துப் போகட்டும், சைவ விரதம் இருக்கட்டும், பட்டினி வேண்டாம், அலகு குத்த வேண்டாம்னார். எல்லாம் சரியா பண்ணினோம். ஒண்ணைத் தவிர. அந்த வாரம் தண்ணீர்ப் பந்தல் வேலை, காய்கறி லோரி, தொண்டர் பட்டியல்னு ஓடிக்கிட்டிருந்தோம். ரத்தப் பரிசோதனைக்குப் போகல. "ஒரு வாரம்தானே, பூசம் முடிஞ்சு போகலாம்"னு நாங்கதான் சொன்னோம். அவ சொல்லல.

முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்குத் தொண்டை வலிக்குதுன்னா. காய்ச்சல் 38.4. மஞ்சள் துணி, குடம், மாலை எல்லாம் சாமி அறையில தயாரா இருக்கு. காப்பு கட்டியாச்சு. வீட்டுல இருந்த சொந்தக்காரங்க, "விரதம் இருக்கிற பிள்ளைக்கு முருகன் ஒண்ணும் வர விடமாட்டான், விபூதி பூசி படுக்க வை, காலையில சரியாயிடும்"னாங்க. டாக்டர் சொன்னது காதுக்குள்ள கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. இருந்தும் விபூதி பூசினோம், கைமருந்து கொடுத்தோம், உட்கார்ந்தோம். நேர்த்தியை முறிச்சா குத்தமாயிடுமோன்னு பயம். ஒன்றரை மணி நேரம் அப்படியே போச்சு. கடைசியில அவளே எழுந்து வந்து, "அப்பா, குளுருது. போயிடலாம்"னா.

ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. நியூட்ரோபில்னு ஒரு வகை வெள்ளணு, 1.5-க்கு மேல இருக்கணும். அவளுக்கு 0.1. கிருமியை எதிர்க்க உடம்புல படையே இல்லைன்னு அர்த்தம். தனி அறையில போட்டு, நரம்பு வழியா ஆன்டிபயாடிக் ஏத்தினாங்க. முகக்கவசம் போட்டுக்கிட்டு ஒருத்தர் மட்டும் உள்ள. விடியக்காலையில நர்ஸ் ஜன்னல் திரையை விலக்கினப்போ எங்களுக்கு ஞாபகம் வந்தது, இந்நேரம் பால்குடம் தூக்கியிருக்கணும்.

மத்தியானம் போன் வந்துச்சு. நம்ம சமையல் கூடத்துல காய் நறுக்குற பாட்டி. "தம்பி, பிள்ளை குடத்தை உங்க வீட்டுல கேட்டு வாங்கிட்டுப் போயிட்டோம்பா. நாங்க அஞ்சு பேர், படியில மாத்தி மாத்தித் தூக்கி, 272 படியும் ஏறிட்டோம். அபிஷேகம் ஆச்சு. நீ பிள்ளையைப் பாரு"ன்னாங்க. ஆஸ்பத்திரி நடையில நின்னு ரெண்டு பேரும் அழுதோம். அவங்க அஞ்சு பேருக்கும் இன்னைக்கு வரைக்கும் ஒழுங்கா நன்றி சொல்லல. இதுதான் அது.

பதினொரு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தா. குருக்கள் ஐயாகிட்ட போய், முறிஞ்ச நேர்த்திக்கு என்ன பரிகாரம்னு கேட்டோம். "பிள்ளையைக் காப்பாத்தத்தானே வேண்டிக்கிட்டீங்க? காப்பாத்த ஆஸ்பத்திரிக்குப் போனா அது எப்படிங்க முறிஞ்சது? போய் அடுத்த தடவை பரிசோதனைத் தேதியைக் காலண்டர்ல குறிச்சு வைங்க"ன்னார். குறிச்சு வச்சோம். அதுக்கப்புறம் ஒரு தேதியும் தவறல.

அந்த மாத்திரை இனி அவளுக்குக் கிடையாது. இப்ப டெஃபெராசிராக்ஸ், தினம் ஒரு வேளை, தண்ணியில கரைச்சுக் குடிக்கணும். வயித்தைக் கலக்கும், முதல் மாசம் தோல்ல தடிப்பு வந்துச்சு. மாசா மாசம் சிறுநீரகப் பரிசோதனை. இரும்பு மெதுவா இறங்குது. இதயத்துல எவ்வளவு படிஞ்சிருக்குன்னு எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கிறாங்க. முழுசா சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டோம், இது கூடவே இருக்கிற நோய். அவ கல்லூரிக்குப் போறா. வெள்ளிக்கிழமை தண்ணி ஊத்த வர்றா. அது போதும் எங்களுக்கு.

பக்தர்கள்கிட்ட மூணு விஷயம் கேட்டுக்கிறோம்.

ஒண்ணு, ரத்தம் கொடுங்க. 45 கிலோவுக்கு மேல இருக்கிற ஆரோக்கியமானவங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். நோன்பு மாசம், பள்ளி விடுமுறை, பண்டிகை நாள்ல ரத்த வங்கியில இருப்பு குறையும். எங்க பிள்ளைக்கு அந்த மாசமும் ரத்தம் வேணும். நம்ம கோவில் ரத்ததான முகாம் தேதியை நிர்வாகம் அறிவிப்பாங்க, பலகையைப் பாருங்க. முடிஞ்சவங்க கோலாலம்பூர்ல தேசிய ரத்த மையத்துக்கே போகலாம்.

ரெண்டு, பள்ளியில படிவம் 4 பிள்ளைகளுக்கு 2016-லிருந்து தலசீமியா பரிசோதனை இருக்கு. ஒப்புதல் பாரம் வந்தா கையெழுத்துப் போடுங்க, பயப்படாதீங்க. கல்யாணம் பேசுறவங்க, குறிப்பா சொந்தத்துல பேசுறவங்க, ஜாதகத்தோட ரத்தத்தையும் பாருங்க. தாங்கின்னு தெரிஞ்சா அது குடும்பத்துக்கு அவமானம் இல்லை. தெரியாம இருந்ததாலதான் எங்க பிள்ளை ஊசியோட வளர்ந்தா.

மூணு, யாராவது நாற்காலியில உட்கார்ந்து பாடினா, விரதத்துல மாத்திரை போட்டா, பூசத்தன்னைக்கு வராம போனா, காரணம் கேட்காதீங்க. அவங்க பங்கு வேலையை எடுத்துச் செய்யுங்க. அந்த அஞ்சு பேர் செஞ்ச மாதிரி.

இந்தத் தைப்பூசத்துக்கு மகள் பால்குடம் எடுக்கிறதா இருக்கா. பரிசோதனை போன வாரம் ஆச்சு, நல்லா இருக்கு. அன்னைக்குக் காலையில காய்ச்சல் இருந்தா ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம், பாட்டிகிட்ட முன்னாடியே சொல்லி வச்சாச்சு. "குடம் என் பொறுப்பு"ன்னுட்டாங்க.

வேலும் மயிலும் துணை.