பேசாத தகப்பன்

திண்டுக்கல்காரன் வீட்டில், அதுவும் பூட்டுப் பட்டறையிலேயே ஆயுளைக் கழித்தவருடைய மகன் வீட்டில், சாவி இல்லாமல் பூட்டை உடைக்கப் போனார்கள் என்றால் ஊர் சிரிக்கும். சென்ற வருஷம் எங்கள் வீட்டில் அதுதான் நடக்க இருந்தது. மச்சறைக் கதவில் தொங்குவது என் தகப்பனார் தம் கையால் செய்த மாங்காய்ப் பூட்டு. அதற்கு மிஞ்சியிருந்த ஒரே சாவியைக் காணோம்.

சின்னவனைக் கேட்டேன். அவனுக்கு ஒன்பது வயது.

"நான் எடுக்கவே இல்லப்பா" என்றான்.

மறுநாள் அடுத்த வீட்டுப் பையன் மூலம் உண்மை வந்தது. சாவியை நூலில் கட்டிச் சுழற்றிக்கொண்டே மலைக்கோட்டை ஏறியிருக்கிறார்கள். நூல் அறுந்து, சாவி பாறை இடுக்கில் போய்விட்டது.

சாவி போனால் போகட்டும், பொய்யை எப்படிப் பொறுப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை அல்ல. அப்பா கைபட்ட பொருள் போயிற்றே என்ற ஆத்திரம்தான் பெரிது. ஆனால் அடிக்கவில்லை. பிள்ளைகளை அடிக்கும் தகப்பன்மாரைக் கண்டித்து நாலு கதை எழுதியவன் எப்படி அடிப்பது? பேச்சை நிறுத்திவிட்டேன்.

மூன்று நாள். பள்ளிக்கூடம் புறப்படும்போது, "போய்ட்டு வர்றேம்ப்பா" என்று வாசலில் நிற்பான். நான் பத்திரிகையைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொள்வேன். இது அடியைவிட நாகரிகமான தண்டனை என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் செபமாலை சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். பரலோக மந்திரத்தைத் தொடங்கி வைப்பது சின்னவன் பொறுப்பு. மூன்றாம் நாள் இரவு அவன் வாய் திறக்கவில்லை.

"தொடங்கேண்டா" என்றாள் அவன் தாய்.

"நீ சொல்லும்மா."

"ஏன்?"

சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பிதான்னா அப்பாதானே? அவரும் இப்ப எங்கிட்டப் பேசமாட்டாரில்ல?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஞானோபதேச வகுப்பில் கடவுள் அன்பானவர் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் புத்தகத்துப் பாடம். அவன் படித்துக்கொண்டிருந்ததோ என் முகத்தை. அன்று மந்திரத்தை நான்தான் தொடங்கினேன். பாதியில் அவன் குரலும் வந்து சேர்ந்தது. பொய் சொன்னது தப்பு என்பதையும் அன்றிரவே சொன்னேன். மடியில் இருத்திக்கொண்டு சொன்னேன்.

பிள்ளைகள் படுத்த பிறகு என் தாயார் மெள்ளக் கேட்டார்: "எட்டாவதில நீ தேறாம ஓடிப்போனியே, ஞாபகம் இருக்கா?"

மறக்குமா? சின்னாளபட்டியில் அத்தை வீட்டுத் திண்ணையில் ஒளிந்து கிடந்தேன். தெருவெல்லாம் தறிச் சத்தம் அடங்கிய பிற்பாடு ஒரு சைக்கிள் வந்து நின்றது. பகலெல்லாம் அரம் பிடித்து ராவிய கையோடு, இருட்டில் ஏழு மைல் மிதித்து வந்திருக்கிறார். பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "சாப்பிட்டியா?" என்றார், பின் கேரியரில் ஏற்றிக்கொண்டார். வழி நெடுகிலும் அவர் முதுகு வியர்வையில் இரும்பு வாடை.

மறுநாள் காலைப் பூசைக்குச் சூசையப்பர் கோயிலுக்குப் போனேன். 1866-ல் தொடங்கி 1872-ல் கட்டி முடித்த கோயில். 2003-ல் திண்டுக்கல் தனி மறைமாவட்டமானதும் பேராலயமாயிற்று. எங்களுக்கு என்றும் சூசையப்பர் கோயில்தான். நான்கு சுவிசேஷங்களிலும் சூசையப்பர் பேசியதாக ஒரு வாக்கியம் கிடையாது. அந்த மௌனியை வளன் என்று பெயரிட்டுக் காவிய நாயகனாக்கி, 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார் வீரமாமுனிவர், 1726-ல். பேசாத தகப்பனாரிடம் அவ்வளவு பாட என்ன இருந்ததோ!

அவரும் பேசாதவர், நானும் மூன்று நாள் பேசாமலிருந்தவன் என்று ஒரு கணம் அசட்டுத்தனமாக ஆறுதல் தேடினேன். பிறகுதான் உறைத்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எருசலேமில் காணாமற் போனபோது அவருக்கும் மூன்று நாள்தான். அந்த மூன்று நாளும் மனைவியோடு சேர்ந்து தேடினார். கண்டுபிடித்த பிறகு கேள்வி கேட்டவள் தாய். அவர் பக்கத்தில் நின்றார், அவ்வளவே. என் பிள்ளையோ ஒரே கூரையின் கீழ் இருந்தான். நான் தேடவில்லை.

அந்தச் சனிக்கிழமை பூட்டை உடைக்காமல், கதவிலிருந்து நாதாங்கியோடு கழற்றிக்கொண்டு சின்னவனும் நானும் நாகல் நகர்ப் பக்கம் போனோம். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறைகள் என்னவோ குறைந்துகொண்டேதான் வருகின்றன. அப்பாவை அறிந்த கிழவர் ஒருவர் பூட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குச் சாவி போடுற கூலியில புதுப் பூட்டே ரெண்டு வாங்கிரலாம், தம்பி. உள்ள இருக்கிற லீவர் ஒவ்வொண்ணுக்கும் பல்லை ஒத்துப் பாத்து ராவணும்."

"பரவாயில்லீங்க, போடுங்க" என்றேன்.

மாலைவரை காத்திருந்தோம். அரத்தின் சத்தத்தை வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான் சின்னவன். புதுச் சாவியை அவனிடமே கொடுத்தேன். வீடு திரும்பும் வழியில் பேகம்பூர் தாண்டியதும் கேட்டான்:

"இதுவும் தொலைஞ்சு போச்சுன்னா?"

"எங்கிட்ட வந்து சொல்லு. ரெண்டு பேருமாத் தேடுவோம்" என்றேன்.

சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பையைக் கையால் பொத்திக்கொண்டு நடந்தான்.